கேமிங் லேப்டாப் திணறுதா? முதல்ல எத்தனை வாட் போகுதுன்னு பாருங்க

போன ஏப்ரல்ல ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், சித்தி பையன் போன் பண்ணான். வேலூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான், ஹாஸ்டல்ல இருக்கான். "அண்ணா, கிராஃபிக்ஸ் கார்டு அவுட்டுன்னு நெனைக்கிறேன், ஜிடிஏ 5 கூட 25 எஃப்பிஎஸ்தான் வருது, சர்வீஸ்ல குடுத்துடவா?"ன்னு அழாத குறையா கேட்டான். எஃப்பிஎஸ்னா ஸ்கிரீன்ல நொடிக்கு எத்தனை படம் வருதுங்கிற கணக்கு. அவன்கிட்ட இருக்கிறது ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட லேப்டாப், வாங்கி ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. அந்த கார்டுக்கு இந்த கேமெல்லாம் ஒரு விஷயமே இல்ல.

டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுதுடான்னு கேட்டேன். "54தான்ணா, அதான் புரியல, சூடே ஆகல ஆனா ஸ்லோவா இருக்கு"ன்னான். அப்பவே எனக்கு பாதி புரிஞ்சிடுச்சு.

லேப்டாப் ஸ்லோவான உடனே நாம எல்லாரும் சூட்டைத்தான் சந்தேகப்படுவோம், கூலிங் பேட் வாங்குவோம். ஆனா ஒரு கார்டுக்குள்ள போற கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் சூடாத்தான் வெளிய வரணும், வேற போக்கிடம் கிடையாது. 80 வாட் உள்ள போனா 80 வாட் சூடு. வேலூர் ஏப்ரல் வெயில்ல, ஃபேன் மட்டும் ஓடுற ரூம்ல, ஃபுல் லோடுல ஒரு கார்டு 54 டிகிரியில நிக்குதுன்னா அதுக்குள்ள கரண்டே சரியா போகலன்னு அர்த்தம். பசியில இருக்கிறவனைப் போய் ஏன்டா வேகமா ஓடலன்னு கேக்குற கதை.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேரை போட்டு, கேம் ஓடும்போதே மூலையில நாலு நம்பர் தெரியுற மாதிரி வைடான்னு சொன்னேன். கார்டோட யூசேஜ், கிளாக் ஸ்பீடு (சிப்பு வேலை பாக்குற வேகம்), வாட், டெம்பரேச்சர். அவன் படிச்சு காட்டினது: யூசேஜ் 99 சதவீதம், கிளாக் 600 மெகாஹெர்ட்ஸ் கிட்ட, வாட் 30 சொச்சம். இந்த யூசேஜ் நம்பர்ல நிறைய பேர் ஏமாறுவாங்க. 99னா கார்டு முழு பலத்தோட ஓடுதுன்னு நெனைச்சுக்கிறாங்க, அது சொல்றது கார்டு சும்மா உக்காரலங்கிறதை மட்டும்தான், எந்த வேகத்துல வேலை பாக்குதுன்னு சொல்லாது. ஃபர்ஸ்ட் கியர்லயே ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினா வண்டி உறுமத்தான் செய்யும், 30ஐ தாண்டாது.

இப்ப வாட் ஏன் இவ்ளோ முக்கியம்னு பாப்போம். சிப்புக்குள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர் ஆன் ஆஃப் ஆகிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சார்ஜை ஏத்தி எறக்கணும். அதுக்கு ஆகுற பவர் கிளாக் ஸ்பீடுக்கு நேர் விகிதத்துல ஏறும், ஆனா வோல்டேஜுக்கு அதோட வர்க்கத்துல ஏறும். ஸ்பீடை கூட்டணும்னா வோல்டேஜையும் சேர்த்து கூட்டியாகணும், அதனால கடைசி கொஞ்சம் ஸ்பீடுக்குத்தான் கரண்ட் கொட்டுது. பவரை கொறைச்சுட்டா கார்டு முதல்ல வோல்டேஜையும் கிளாக்கையும் சேர்த்து எறக்கும், ஒரு அளவுக்கு கீழ வோல்டேஜ் எறங்காது, அதுக்கப்புறம் வெட்டு விழுறது முழுக்க கிளாக்லதான்.

இதுல ஒரு கூத்து என்னன்னா டெஸ்க்டாப் 3060ல 3584 கூடா கோர் (கார்டுக்குள்ள கணக்கு போடுற குட்டி யூனிட்), லேப்டாப் 3060ல 3840. எண்ணிக்கையில லேப்டாப் கார்டுதான் பெருசு. ஆனா டெஸ்க்டாப்ல அதுக்கு 170 வாட் தராங்க, லேப்டாப்ல 60ல இருந்து 115 வாட் வரைக்கும் எவ்ளோ வேணா வச்சுக்கலாம்னு லேப்டாப் கம்பெனி கைல விட்டுட்டாங்க. அதனாலதான் டப்பா மேல ஒரே பேர் போட்ட ரெண்டு லேப்டாப்ல ஒண்ணு ஒல்லியா அழகா இருக்கும் ஆனா ஓடாது, இன்னொண்ணு கல்லு மாதிரி கனக்கும் ஆனா பிச்சுக்கிட்டு போகும். லேப்டாப் வாங்கும்போது கார்டு பேரை விட டிஜிபின்னு போட்டிருக்கிற வாட் நம்பரைத்தான் மொதல்ல பாக்கணும்னு நான் சொல்லிட்டே இருக்கேன், யாரும் கேக்கிறதில்ல, கீபோர்டுல லைட் எரியுதான்னுதான் பாக்கிறாங்க.

சரி, தம்பி கேசுக்கு வருவோம். "சார்ஜர் எதுடா போட்டிருக்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லேப்டாப் கூட வந்த 230 வாட் சார்ஜர் செங்கல் கணக்கா இருக்குன்னு வீட்லயே விட்டுட்டு, 65 வாட் டைப் சி சார்ஜர் ஒண்ணு வச்சுக்கிட்டு காலத்தை ஓட்டிட்டிருக்கான்! டைப் சில சாதாரணமா கிடைக்கிற பெரிய அளவே 20 வோல்ட் 5 ஆம்பியர், அதாவது 100 வாட். 240 வாட் வரைக்கும் போற புது ஸ்டாண்டர்ட் 2021ல வந்துச்சு, ஆனா சார்ஜர், கேபிள், லேப்டாப் மூணுமே அதுக்கு ஒத்துக்கணும். சார்ஜரை சொருகின உடனே ரெண்டும் பேசிக்கும், என்னால இவ்ளோதான் தர முடியும்னு சார்ஜர் சொல்லிடும், போர்டுல இருக்கிற கன்ட்ரோலர் அதுக்கு ஏத்த மாதிரி சிபியுக்கும் கார்டுக்கும் ரேஷன் போட்டுடும். 65 வாட்ல ஸ்கிரீன், ரேம், எஸ்எஸ்டி, சிபியு எல்லாம் எடுத்தது போக கார்டுக்கு என்ன மிஞ்சும்? ஸ்கிரீன்ல ஒரு எர்ரர் கூட வராது, அதான் கொடுமை. வெளில வாங்குற டூப்ளிகேட் சார்ஜர்லயும் இதே தொல்லை உண்டு, சில லேப்டாப் சார்ஜரோட பின்னுக்குள்ள ஒரு அடையாள கம்பி இருக்கும், அது சரியா பேசலன்னா இது யாரோ தெரியாதவன்னு நெனைச்சு லேப்டாப் தன்னைத்தானே கொறைச்சுக்கும்.

சார்ஜரே இல்லாம பேட்டரில கேம் ஆடினாலும் இதே கணக்குதான். பிளேன்ல கொண்டு போற லிமிட் 100 வாட் ஹவர்ங்கிறதால பெரிய லேப்டாப்லயே 99க்கு மேல பேட்டரி வைக்க மாட்டாங்க. அதுல 150 வாட் இழுத்தா 40 நிமிஷத்துல காலி, பேட்டரி செல்லும் அவ்ளோ வேகமா கரண்ட் கக்குறதுக்கு செஞ்சது இல்ல. அதனால பிளக்கை உருவினதும் கார்டு பாதிக்கும் கீழ எறங்குறது டிசைன்லயே உள்ளது, ரிப்பேர் இல்ல.

அடுத்த வாரம் சித்தப்பா ஊருக்கு போகும்போது அந்த செங்கலை கொண்டு போய் குடுத்தார். போட்டான், 90 எஃப்பிஎஸ் தாண்டுச்சு, போன்லயே கத்தினான். பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப போன், இந்த தடவை குரல் எறங்கிடுச்சு. "அண்ணா, மறுபடியும் 45க்கு விழுந்துருச்சு." டெம்பரேச்சர்? 87. ஆக சாப்பாடு கிடைச்ச உடனே அடுத்த நோய் வெளிய வந்துச்சு, இதுதான் நமக்கு பழகின நோய்.

லேப்டாப்ல சிப்புக்கு மேல ஒரு செம்பு தகடு, அதுல இருந்து தட்டையா சில செம்பு குழாய் ஓடி ஃபேன் கிட்ட போகும். அது கெட்டி செம்பு இல்ல, உள்ள வெற்றிடம், அதுல கொஞ்சூண்டு தண்ணி. காத்து இல்லாத எடத்துல தண்ணி ரொம்ப கம்மி சூட்டுலயே கொதிச்சிடும், சிப்பு பக்கம் ஆவியாகி குழாய் வழியா ஓடி, ஃபேன் பக்கம் இருக்கிற மெல்லிசான ஃபின்கள்ல சூட்டை விட்டுட்டு திரும்ப தண்ணியாகி, குழாயோட உள்சுவர்ல இருக்கிற திரி மாதிரியான வலை வழியா, விளக்குத்திரில எண்ணெய் ஏறுற மாதிரி, சிப்புக்கே திரும்பி வந்துடும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. எனக்கு லேப்டாப்ல புடிச்ச பார்ட் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன்.

இவ்ளோ அழகான ஏற்பாட்டை கெடுக்கிறது தூசி. அதுவும் வெளில தெரியுற தூசி இல்ல. ஃபேன் காத்தை ஃபின்னுக்குள்ள தள்ளுற எடத்துல, ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல, முடியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு திரை புடிச்சிருக்கும். வெளிய இருந்து டார்ச் அடிச்சு பாத்தா ஃபின்னெல்லாம் பளபளன்னு இருக்கும், உள்ள மூச்சு முட்டிட்டிருக்கும். பின்னாடி மூடியை கழட்டி, பேட்டரி கனெக்டரை எடுத்துட்டு, ஃபேனை ஒரு குச்சியால சுத்தாம புடிச்சுக்கிட்டு பிரஷ்ஷோ புளோயரோ வச்சு எடுக்கணும். புடிக்காம புளோயர் அடிச்சா ஃபேன் கண்டபடி சுத்தி பேரிங் போயிடும். தம்பி எடுத்து போட்டோ அனுப்பினான், சின்ன துண்டு துணி மாதிரி முழுசா வந்துச்சு, மெத்தை மேல வச்சு ஆடினதோட பலன்.

தூசி எடுத்தும் எறங்கலன்னா தெர்மல் பேஸ்ட். சிப்பு ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் விரிஞ்சு சுருங்கும், அந்த அசைவுல நடுவுல இருக்கிற பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்கு பிதுங்கி போயிடும், நடுவுல காஞ்சு நிக்கும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மாத்தினா நல்ல வித்தியாசம் தெரியும். சில லேப்டாப்ல பேஸ்டுக்கு பதிலா லிக்விட் மெட்டல் இருக்கும், காலியம் கலந்தது, அது கரண்ட் கடத்தும், ஒரு சொட்டு போர்டுல விழுந்தா கதை முடிஞ்சுது, அந்த மாடல்னா யூடியூப் பாத்து கை வைக்காதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

ரூம் சூடும் சின்ன விஷயம் இல்ல. சூடு வெளிய போற வேகம் ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை பொறுத்தது. கார்டு 87ல தன்னை கட்டுப்படுத்துதுன்னு வைங்க, ஏசி ரூம்ல 25 டிகிரின்னா வித்தியாசம் 62. வேலூர்ல மத்தியானம் ரூமே 38ன்னா வித்தியாசம் 49தான். அதே ஃபேன், அதே ஃபின், ஆனா வெளிய தள்ள முடியுற சூடு அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சிடுச்சு. குளிர் ஊர்ல இருந்துக்கிட்டு ஒருத்தர் ரிவியூல காட்டுற எஃப்பிஎஸ் நம்ம ஊர் வெயில்ல வரலன்னு சண்டைக்கு போறதுல அர்த்தமில்ல. பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடி வச்சு தூக்குங்க, காசே இல்லாத கூலிங் பேட் அதுதான்.

இன்னொரு திருடன் சிபியு. நிறைய லேப்டாப்ல சிபியுவும் கார்டும் அதே செம்பு குழாய்களை பங்கு போட்டுக்குது. கோர் ஐ7 12700ஹெச் மாதிரி ஒரு சிப்புக்கு பேஸ் 45 வாட், ஆனா டர்போல, அதாவது வேகத்தை தானா ஏத்திக்கிறப்ப, 115 வரைக்கும் போகும். கேமுக்கு தேவையே இல்லாத நேரத்துலயும் அது பாய்ஞ்சு பாய்ஞ்சு சூட்டை கொட்டும், அந்த சூடு கார்டோட பங்குல கை வைக்கும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100ல இருந்து 99 ஆக்கினா டர்போ நின்னுடும், சிபியு ஒரேயடியா எறங்கும், அந்த எடத்தை கார்டு எடுத்துக்கும். பழைய வைத்தியம்தான், ஆனா சிபியுவை நம்பி ஓடுற வாலரன்ட் மாதிரி கேம்ல எஃப்பிஎஸ் கொறையவும் செய்யும், போட்டு பாத்துட்டு வச்சுக்கோங்க.

இதை விட நாகரிகமான வழி அண்டர்வோல்டிங். மேல சொன்ன வர்க்க கணக்கு இங்கதான் நமக்கு உதவுது. 0.9 வோல்ட்ல ஓடுற அதே கிளாக்கை 0.8 வோல்ட்ல ஓட வச்சா பவர் கிட்டத்தட்ட 21 சதவீதம் கொறையும், ஸ்பீடு அப்படியே இருக்கும். கம்பெனிக்காரன் எல்லா சிப்பும் தப்பாம ஓடணும்னு கொஞ்சம் தாராளமா வோல்டேஜ் வச்சிருப்பான், உங்க சிப்பு நல்ல சிப்பா இருந்தா அந்த மிச்சத்தை எடுத்துக்கலாம். ஆஃப்டர்பர்னர்ல கன்ட்ரோல் எஃப் அமுக்கினா ஒரு கோடு வரும், கொஞ்சம் கொஞ்சமா எறக்கி பாருங்க. அதிகமா எறக்கினா கேம் கிராஷ் ஆகும், ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும், கார்டுக்கு ஒண்ணும் ஆகாது. தம்பிக்கு இதுல மட்டும் 6 டிகிரி எறங்குச்சு.

வாட், சூடு ரெண்டும் சரியா இருந்தும் எஃப்பிஎஸ் வரலன்னா வழி எங்க அடைக்குதுன்னு பாக்கணும். 2010ல என்விடியா ஆப்டிமஸ்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, பேட்டரி மிச்சம் பண்ண. அதுல ஸ்கிரீனுக்கு வயர் போறது சிபியுக்குள்ள இருக்கிற சின்ன கிராஃபிக்ஸ்ல இருந்து, பெரிய கார்டு படத்தை வரைஞ்சு அதுகிட்ட குடுக்கணும், அது ஸ்கிரீனுக்கு அனுப்பும். ஃபுல் ஹெச்டி படம் ஒண்ணு 8 எம்பிக்கு மேல, நொடிக்கு 144 படம்னா 1.2 ஜிபி சும்மா காப்பி அடிக்கவே போகுது. மக்ஸ் ஸ்விட்ச் (ஸ்கிரீனை நேரா பெரிய கார்டோட சேர்க்கிற ஸ்விட்ச்) இருக்கிற லேப்டாப்ல பயாஸ்லயோ கம்பெனி ஆப்லயோ போய் நேரடியா மாத்திடலாம். இல்லன்னா ஹெச்டிஎம்ஐல வெளி மானிட்டர் மாட்டி பாருங்க, நிறைய மாடல்ல அந்த போர்ட் பெரிய கார்டுக்கே நேரா போகும். கேமே சின்ன கிராஃபிக்ஸ்ல ஓடிட்டிருக்கிற கேசும் உண்டு, டாஸ்க் மேனேஜர்ல பாத்தா தெரிஞ்சிடும், விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல அந்த கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் வச்சா தீந்துது.

எஃப்பிஎஸ் நல்லா இருக்கு ஆனா திரும்புறப்ப எல்லாம் டக்கு டக்குன்னு தட்டுதுன்னா விராம், அதாவது கார்டோட சொந்த மெமரி, நிரம்பிடுச்சுன்னு சந்தேகப்படுங்க. லேப்டாப் 3060ல 6 ஜிபி, அதுக்குள்ள நொடிக்கு 336 ஜிபி வேகம். அது பத்தாம சாதா ரேம்ல இருந்து இழுக்க ஆரம்பிச்சா கார்டையும் போர்டையும் இணைக்கிற எட்டு லேன் பிசிஐஇ 4.0 வழியில நொடிக்கு 16 ஜிபி கிட்டத்தான், இருபது மடங்கு கம்மி. மத்த செட்டிங்ஸ் எதையும் தொடாம டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி எறக்குங்க. டிரைவர் பத்தி சொல்லணும்னா, புது டிரைவர் போட்ட அன்னிக்கே பிரச்சனை ஆரம்பிச்சா பழசுக்கு திரும்புங்க, மத்தபடி எல்லாத்துக்கும் டிரைவர் மேல பழி போடாதீங்க.

தம்பி லேப்டாப் இப்ப ஒரு மணி நேரம் ஆடினாலும் 85 எஃப்பிஎஸ்க்கு கீழ எறங்கல, 80 வாட் கிட்ட நிக்குது, சூடு 78. இன்னும் ஒரு அடைப்பு பாக்கி இருக்கு. அவன் லேப்டாப்ல 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்கா இருக்கு, டிடிஆர்4 3200ல ஒரு சேனல்னா நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு போட்டா 51.2. வாலரன்ட்ல கார்டு யூசேஜ் 50லயே நிக்குது, ரெசல்யூஷனை எறக்கினாலும் எஃப்பிஎஸ் அசையல, அப்ப தாமதம் கார்டு பக்கம் இல்ல, சிபியு ரேம் பக்கம்தான். இன்னொரு ஸ்டிக் வாங்கி தாங்கண்ணான்னு கேட்டான். அரியர் ரெண்டு இருக்காமே, அதை முடிச்சுட்டு சித்திகிட்ட கேளுன்னு சொல்லி வச்சிருக்கேன்.