‘பங்குக் கார்’, ‘சரக்குக் கார்’, ‘இருப்புச் சீருந்து’: ஸ்டாக் கார் படும் பாடு

அமெரிக்க மோட்டார் பந்தயங்களைப் பற்றித் தமிழில் வரும் செய்திக் குறிப்புகளிலும் வீடியோக்களின் அடிவரிகளிலும் ‘பங்குக் கார் பந்தயம்’ என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஸ்டாக் கார் ரேஸ்’ என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். பங்குச் சந்தைக்கும் அந்தப் பந்தயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘ஸ்டாக்’ என்று கண்டதும் இயந்திர மொழிபெயர்ப்பு ஷேர் மார்க்கெட்டுக்கு ஓடுகிறது. சரிபார்க்க வேண்டியவரும் பின்னாலேயே ஓடுகிறார். கொஞ்சம் யோசித்தவர்கள் ‘சரக்குக் கார்’ என்கிறார்கள். படித்ததும் மூட்டை ஏற்றிய டெம்போதான் கண்ணில் வருகிறது.

‘ஸ்டாக்’ பழைய ஆங்கிலத்தில் அடிமரம், கட்டை. அதிலிருந்து மூலதனம், கடையிருப்பு என்று கிளைத்தது, வேரைக் குறித்த நம் ‘முதல்’ வியாபாரத்தில் போடும் முதலானதைப் போல. சொல்லிச் செய்யாமல் கடையில் இருப்பதை அப்படியே எடுத்தால் அது ஸ்டாக். வண்டியில் இதன் பொருள் ஆலையிலிருந்து வந்தபடி, கை வைக்காதது. நம் ஊர் மெக்கானிக் இதைத்தான் ‘கம்பெனி ஃபிட்டிங்’ என்கிறார். புல்லட்டில் சத்தத்துக்காக சைலன்சர் மாற்றியவர், போலீஸ் பிடித்ததும் தேடி எடுத்து மாட்டுவது ‘ஸ்டாக் சைலன்சர்’. பட்டறைக்குப் புரிந்தது மொழிபெயர்ப்பு மேசைக்குப் புரியவில்லை.

பந்தயத்துக்கு இந்தப் பெயர் வந்த கதையில் அந்தப் பொருள் பளிச்சென்று இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948 பிப்ரவரியில் தொடங்கியது. 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட்டில், முக்கால் மைல் மண் தடத்தில், ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ என்ற பிரிவின் முதல் பந்தயத்தை நடத்தியது. கடையில் வாங்கிய கார் வாங்கியபடியே ஓட வேண்டும் என்பது விதி. கிளென் டனவே தன் ஃபோர்டில் மூன்று சுற்று முந்தி முதலாவதாக வந்தார். சோதித்தபோது அதன் பின்பக்க ஸ்பிரிங்குகளில் கை வைத்திருந்தது தெரிந்தது. வெற்றியைப் பறித்து, லிங்கன் ஓட்டிவந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். அந்த ஸ்பிரிங்கை மாற்றியதும் பந்தயத்துக்காக அல்ல. அது கள்ளச்சாராயம் கடத்திய வண்டி. பின்னால் பாரம் ஏற்றினாலும் வால் தாழக் கூடாது, போலீஸ் கண்ணில் படக் கூடாது என்று செய்த வேலை.

இங்கேதான் ‘சரக்குக் கார்’ தெரியாத்தனமாக ஒரு நகைச்சுவை செய்துவிடுகிறது. ஜூனியர் ஜான்சன் போன்ற அன்றைய நட்சத்திரங்கள் பலர் நம் பேச்சு வழக்கின் ‘சரக்கை’யே இரவில் காரில் கடத்தி ஓட்டப் பழகியவர்கள். ஆனாலும் தற்செயலாகப் பொருந்திய சிலேடையை மொழிபெயர்ப்பு என்று ஏற்க முடியாது.

நின்று வாதாட வேண்டியது ‘இருப்புச் சீருந்து’ என்ற ஆக்கத்தோடு. இதை முன்வைப்பவர்கள் தனித்தமிழ் ஆர்வலர்கள். சொல்லின் மூலம் தெரிந்தவர்கள். ஸ்டாக் என்றால் கடையிருப்பு, ஆகவே இருப்பு என்பது அவர்கள் கணக்கு. வேர் சரி, முளைத்ததுதான் வேறு. ஆங்கிலத்தில் ‘கடையிருப்பு’ காலப்போக்கில் ‘மாற்றாதது’ என்ற பொருளைப் பெற்றது. தமிழில் ‘இருப்பு’ அந்தப் பயணத்தைச் செய்யவே இல்லை. ‘இந்தச் சைலன்சர் இருப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், ‘எத்தனை இருப்பு?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு சொல்லுக்கு முன்னால் அடையாக வரும்போது ‘இருப்பு’ நம் காதில் இரும்பாகிவிடுகிறது. இருப்புப் பாதை ரயில் பாதை, இருப்புச் சட்டி இரும்புச் சட்டி, அப்படியானால் இருப்புச் சீருந்து இரும்புக் கார்தானே? பிரிட்டனில் 1954 முதல் நடக்கும் ஸ்டாக் கார் பந்தயத்தில் கனத்த இரும்பு பம்பர் கட்டி ஒன்றையொன்று இடித்துத் தள்ளுவார்கள். அந்த வண்டிகளுக்கு வேண்டுமானால் இந்தப் பெயரைத் தாராளமாகத் தரலாம்.

‘மாற்றமிலாச் சீருந்து’ என்று இன்னொன்றும் இருக்கிறது. 1949-க்குப் பொருந்தும், இன்றைக்குப் பொய். நம் ஊர் ஷோரூமில் நிற்கும் டொயோட்டா கேம்ரி நாலு சிலிண்டர் வண்டி, முன்சக்கரம் இழுக்கும். நாஸ்கார் கேம்ரியில் 5.86 லிட்டர், எட்டு சிலிண்டர், பின்சக்கரம் தள்ளும். கதவு திறக்காது, ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஏறி இறங்குகிறார். முகப்பு விளக்குகள் வெறும் ஸ்டிக்கர். 2022 முதல் ஷெவர்லே, ஃபோர்டு, டொயோட்டா மூன்றுக்கும் அடியில் இருக்கும் சட்டகம் ஒன்றே. கடைக் காரிலிருந்து மிஞ்சியது முகச்சாயல் மட்டும்.

ஆக ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. தமிழில் இரண்டு சொல் வேண்டும். கை வைக்காத பாகத்துக்கு ‘ஆலைநிலை’ என்று எழுதலாம். பந்தய வகைக்கு ‘சாலைவடிவக் கார்’ என்பேன். அன்று உண்மையிலேயே சாலைக் கார், இன்று வடிவம் மட்டும்; இரண்டு காலத்துக்கும் தாங்கும். இடமும் வலமும் திரும்பும் தடங்களில் ஓடும் ‘டூரிங் கார்’ என்ற இன்னொரு பந்தய வகைக்கும் இது பொருந்திவிடுமே என்றால், ஆமாம், அது இதன் குறை. அதனால் செய்தியில் ‘ஸ்டாக் கார்’ என்றே எழுதி முதல் தடவை விளக்கிவிடுவது மேல். காரைக் காராகவே ஏற்றுக்கொண்ட மொழிக்கு ஸ்டாக் ஒன்றும் சுமையல்ல.

தடத்தின் பெயரிலும் இதே அலட்சியம். ஒரு மைலுக்கும் குறைவான தடத்தைக் ‘குறுகிய பாதை’ என்று எழுதுகிறார்கள். ஒடுங்கிய சந்து என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? குறும்படம், குறுங்கதை வழியில் ‘குறுந்தடம்’ என்றால் தீர்ந்தது. தடத்தின் ‘ஓவல்’ வடிவத்தை ‘நீள்வட்டம்’ என்பதும் சரியில்லை. அது கணிதத்தில் வேறு உருவம். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடம் 0.526 மைல், கிட்டத்தட்ட 850 மீட்டர். இரண்டு நேர்கோடு, இரு முனையிலும் இறுக்கமான வளைவு, பார்க்க பேப்பர் கிளிப் போலவே இருக்கும். ‘நீள்வளையம்’ போதும். ஓவல் என்ற சொல்லின் லத்தீன் மூலமான முட்டையைத் தேடுபவர்கள் தென் கரோலினாவின் டார்லிங்டன் தடத்துக்குப் போகலாம். ஒரு மீன்குட்டையைத் தொடக் கூடாது என்பதற்காக ஒரு முனையைச் சுருக்கிக் கட்டியதால் அதுதான் நிஜ முட்டை. ஆனால் அது குறுந்தடம் அல்ல, 1.366 மைல்.

மிக மோசமானவை ‘தளர்வான கார்’, ‘இறுக்கமான கார்’. நட்டு கழன்றதோ என்று தோன்றும். ‘லூஸ்’ என்றால் வளைவில் பின்பக்கம் வெளியே வழுக்குகிறது. ‘டைட்’ என்றால் ஸ்டீயரிங்கை ஒடித்தும் மூக்கு திரும்பாமல் சுவரை நோக்கிப் போகிறது. ‘வால் வழுக்குது’, ‘மூக்கு மறுக்குது’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

இவற்றோடு சேர்ந்ததுதான் ‘ஸ்டேகர்’. அகராதியைப் பார்த்துத் ‘தள்ளாட்டம்’ என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது டேப் வைத்து அளப்பது, இரண்டு பின் டயர்களுக்கும் உள்ள அளவு வித்தியாசம். இடப்பக்கமே திரும்பும் தடத்தில், பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டிச் சேர்ந்து சுழலும் வண்டிக்கு, வலது பின் டயரைச் சற்றுப் பெரிதாகப் போடுவார்கள். டீக்கடைக் காகிதக் கப்பை மேசையில் உருட்டினால் சிறிய பக்கமாக வளைந்து போகுமல்லவா, அதே தந்திரம். டயரின் சுற்றளவு 88 அங்குலம், சக்கரங்களுக்கு இடைவெளி 60 அங்குலம், வளைவின் ஆரம் 150 அடி, அதாவது 1,800 அங்குலம் என்று வையுங்கள். 88-ஐ 60-ஆல் பெருக்கி 1,800-ஆல் வகுத்தால் 2.93, ஏறக்குறைய மூன்று அங்குலம் வலது டயர் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஓட்டத்துக்குரிய காற்றை அடைத்த பிறகு, டேப்பை டயரின் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். கூடிப்போனால் வால் வழுக்கும், நேர்கோட்டிலும் வண்டி இடப்பக்கம் இழுக்கும். குறைந்தால் மூக்கு மறுக்கும். ‘சுற்றளவு வித்தியாசம்’ என்று எழுதினால் வேலை முடிந்தது, அகராதியே தேவையில்லை.

மார்ட்டின்ஸ்வில்லின் இலையுதிர்காலப் பந்தயத்தில் 500 சுற்று ஓடுவார்கள். சுற்றுக்கு இரண்டு வளைவு, ஆயிரம் முறை பிரேக். டிஸ்க் சிவந்து, சூடு ரிம்முக்கு ஏறி, டயரின் விளிம்புக் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் உருகி வெடிப்பதும் உண்டு. இதையும் ‘மணி உருகியது’ என்று பெயர்த்தவர் உண்டு. டயரில் ‘பீடு’ என்றால் விளிம்பு, பாசிமணி அல்ல.