ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது இரண்டாவது ஆள்

சென்னை பெரியமேட்டில் தோல் வாங்கி, வீட்டிலேயே பர்ஸும் பெல்ட்டும் கையால் தைக்கிறவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "இ-பேயில் ஏலம் போட்டால் வெளிநாட்டுக்காரங்க நல்ல விலை கொடுப்பாங்களாமே, சார்?" கொடுப்பார்கள். ஆனால் ஒருவர் மட்டும் வந்தால் கொடுக்க மாட்டார்.

இ-பே போன்ற இணைய ஏலத் தளங்களில் வாங்குபவர் தன் அதிகபட்சத் தொகையை முதலிலேயே பதிந்துவிடலாம். அதை அவர் அப்படியே கொடுப்பதில்லை. அடுத்தவரின் தொகையைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் தளமே அவர் சார்பில் ஏற்றிக்கொண்டு போகும். உங்கள் பர்ஸுக்கு ஒருவர் 90 டாலர் வரை தரத் தயார், இன்னொருவர் 31 டாலரில் நிறுத்திக்கொள்கிறார் என்று வையுங்கள். முடிவு விலை 32 டாலர். இரண்டாவது ஆளே வராவிட்டால் நீங்கள் போட்ட தொடக்க விலைக்கே பொருள் போய்விடும். பழைய கேமராவுக்கும் நாணயத்துக்கும் உலகம் முழுக்கப் போட்டி போடும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு கைவினைஞரின் பர்ஸுக்கு ஒரே வாரத்தில் அப்படி இரண்டு பேர் கிடைப்பது அபூர்வம்.

அதனால், 99 சென்ட்டில் ஆரம்பித்தால் கூட்டம் சேரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்க விலை உங்கள் அடக்க விலைக்குக் கீழே போகக்கூடாது. அந்த அடக்கத்தைத்தான் பலரும் சரியாகப் போடுவதில்லை. தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறோம். ஆனால் கழுத்து, வயிற்றுப் பக்கம், கொசுக்கடித் தழும்பு எல்லாம் கழிவாகப் போகும். அதையும் விலையில் ஏற்ற வேண்டும். மெழுகு நூல், பக்கிள், விளிம்புக்குப் பூசும் சாயம் என்று மற்றதும் இருக்கிறது. பர்ஸின் விளிம்பைத் தேய்த்து மெருகேற்றவே தையலுக்கு ஆகும் நேரத்தில் பாதி போய்விடும், அதற்குக் கூலி போடுபவரை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். தளத்தின் கட்டணமும் பெரும்பாலும் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகை மீதுதான் பிடிக்கப்படும்.

என்னைக் கேட்டால், திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய மாடலை நிலையான விலையில் போடுங்கள். ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது, இனி அந்தத் தோல் கிடைக்காது என்றால் ஏலம் சரி. விலை ஏறவில்லையே என்று தம்பியை விட்டு ஏலம் கேட்க வைக்காதீர்கள். விற்பவரின் குடும்பத்தாரோ நண்பரோ விலையை ஏற்றுவது தள விதிப்படி தடை, கணக்கே முடங்கும்.

அடுத்த தலைவலி விவரணை. 'விவரித்தபடி இல்லை' என்று வாங்கியவர் புகார் கொடுத்தால், பொதுவாகத் தளம் அவர் பக்கம்தான் சாயும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலை 'வெஜ் டேன்', அதாவது தாவரச் சாற்றில் பதனிட்டது என்று எழுதாதீர்கள். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையிலும் இன்று பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாற்றிலும் பதனிடப்படும் நம் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கையில் இருப்பது அதுவேதான் என்றால் மட்டும் அந்தப் பெயரைப் போடுங்கள். ஆட்டுத்தோலில் பாம்பு டிசைன் அச்சிட்டிருந்தால் 'அச்சு' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வனவிலங்குச் சட்டத்தை வைத்து சுங்கத்தில் பார்சல் நிற்கலாம்.

சாயம் போகிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் உள்பக்கத்தையும் விளிம்பையும் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த பெல்ட் யாருடைய வெள்ளைச் சட்டையையோ கெடுக்கப் போகிறது. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று: சருமத்தில் படும் தோல் பொருளில் 'குரோமியம்-6' என்ற நச்சு வகைக் குரோமியம், ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற விதி அங்கே 2015 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கிறது. தோல் வாங்கும் கடையிலேயே அதற்கான பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கடையை மாற்றுங்கள்.

அப்புறம் காகிதங்கள். ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. எனும் இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் வேண்டும். அஞ்சல் வழியே அனுப்ப விரும்புகிறவர்களுக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' உதவும். பொருளைச் சுங்கத்தில் வகைப்படுத்தும் தலைப்பு எண் பைக்கும் பர்ஸுக்கும் 4202, பெல்ட்டுக்கு 4203. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். 'கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுங்கள்' என்று வாங்குபவரே கேட்பார். மறுத்துவிடுங்கள், பொய் அறிவிப்பு உங்கள் பெயரில்தான் இருக்கும். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. சின்ன பர்ஸுக்கும் வரி உண்டு. அதை யார் கட்டுவது என்பதை விலை போடும்போதே முடிவு செய்து, விவரணையில் எழுதிவிடுங்கள்.