கதவடைத்த வேனும் கங்கு நிறைந்த சட்டியும்

சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, வைகைக் கரையிலும் அழகர்கோவில் அடிவாரத்திலும் வண்டியிலேயே தங்கியிருந்த குடும்பங்கள் மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஏராளம். அந்த வண்டியின் கூண்டு முன்னும் பின்னும் திறந்தே இருக்கும் என்பதால் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறிக்கொண்டே இருந்தது. இன்று அதே குடும்பங்கள் வேனில் புறப்படுகின்றன. தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களும், கொடைக்கானலில் அறை கிடைக்காமல் வண்டியிலேயே இரவைக் கழிக்கும் இளைஞர்களும், இரும்பும் கண்ணாடியும் ரப்பர்ப் பட்டையும் சேர்ந்து அடைத்த ஒரு பெட்டிக்குள்தான் உறங்குகிறார்கள். மழையையும் தூசியையும் உள்ளே விடாத அந்த அடைப்பு, உள்ளே உண்டாகும் வாயுவையும் எளிதில் வெளியே விடுவதில்லை.

மூடிய வண்டியில் நம் மூச்சே நம்மைக் கொன்றுவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 முதல் 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறார். ஆனால் கதவு இடுக்குகள் வழியாக ஓரளவு காற்று எப்போதும் கசிந்து மாறிக்கொண்டிருக்கும். தவிர, அந்த வாயு இரத்தத்தில் கூடினால் மூளை உடனே உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும். போர்வைக்குள் முகம் புதைந்து தூங்குபவர் திணறி விழித்துக்கொள்வது இதனால்தான். உறங்குபவரை எழுப்பாத வாயு வேறு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அது எங்கிருந்து வருகிறது என்பதை இந்த வட்டாரத்தாருக்குக் கரியைக் கொண்டே விளக்கலாம். சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் பக்கங்களில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றுப் போதாமல் வேகவைத்துக் கரிமூட்டம் போடுவார்கள். விறகிலிருந்த நீரும் புகையும் அந்த மூட்டத்திலேயே போய்விடுவதால், பிறகு அந்தக் கரியை எரிக்கும்போது புகை தெரிவதில்லை. புகை இல்லை என்பதையே நஞ்சு இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. கங்கின் அடிப்பகுதியில் ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது; அது மேலே இருக்கும் கொதிக்கும் கரியைக் கடக்கும்போது இன்னொரு கார்பன் அணுவோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நன்றாகப் பற்றி எரியும் கரி அடுப்பின் மேல் நீல நிறத்தில் மெல்லிய சுடர் ஆடுவதைப் பார்த்திருப்போம். அந்த நஞ்சு வாயு, திறந்த வெளியில் போதிய காற்றோடு கலந்து எரிந்து தீர்வதன் அடையாளம் அது. தழல் தணிந்து, சாம்பல் பூத்து, நீலச்சுடர் மறைந்த பிறகு வாயு எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. எனவே சமைத்து முடித்து, ‘கரி அணைந்துவிட்டது, கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்’ என்று சட்டியை வேனுக்குள் எடுத்து வைக்கும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். தெருவோரம் நாள் முழுவதும் கரிப்பெட்டியால் இஸ்திரி போடுபவரைக் காப்பது அவருடைய தள்ளுவண்டியைச் சுற்றியிருக்கும் திறந்த வெளி.

எவ்வளவு கரி போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேனின் உள்ளே 10 கன மீட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அதில் 200 கிராம் கார்பன் கொண்ட கரி எரிகிறது. அதன் கார்பனில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே மோனாக்சைடாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 20 கிராம் கார்பனிலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். பத்தாயிரம் லிட்டர் காற்றில் 40 லிட்டர் என்பது பத்து லட்சத்தில் 4,000 பங்கு. 3,200 பங்கு இருந்தாலே ஐந்து பத்து நிமிடங்களில் தலைவலியும் மயக்கமும் தொடங்கி, அரை மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். இரண்டு கை கொள்ளும் கரிக்கு இவ்வளவு வலிமை.

இரத்தத்தில் அது செய்யும் வேலையைப் பார்த்தால் இந்த வலிமைக்கான காரணம் புரியும். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடல் முழுவதும் சுமந்து செல்வது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அமரும் அதே இடத்தில் கார்பன் மோனாக்சைடும் அமர்கிறது, அதுவும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. மோனாக்சைடு வெறும் 0.1 விழுக்காடு இருந்தாலும், இந்த 200 மடங்குப் பிடிப்பால் இரண்டும் சமபலம் பெற்று, சில மணி நேரத்தில் இரத்தத்தின் பாதி இடத்தை அது கைப்பற்றிவிடும். அதோடு நிற்பதில்லை; எஞ்சிய இடங்களில் இருக்கும் ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் இறுகப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காதபடி செய்துவிடுகிறது. இத்தனைக்கும் நடுவே இரத்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் மாறுவதில்லை, கார்பன் டை ஆக்சைடும் கூடுவதில்லை. மூச்சைக் கண்காணிக்கும் உறுப்புகள் இவ்விரண்டையுமே அளப்பதால், ஆபத்து என்று மூளைக்குச் செய்தி போவதே இல்லை. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடுகிறது.

கொடைக்கானல் போன்ற இடத்தில் நிலைமை இன்னும் கடுமையாகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் மதுரையில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிருக்கு அஞ்சி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிடுவதும் அங்கேதான். குளிருக்குச் சரியான விடை கம்பளியும், தரைக்கும் உடலுக்கும் நடுவே தடித்த விரிப்பும், வெந்நீர் நிரப்பிய பையும். நெருப்பு எந்த வடிவிலும் விடையாகாது. ஒரு கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தால் போதுமென்று நினைத்துக் கங்கை உள்ளே வைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த இடுக்கு மூச்சின் ஈரத்தை வெளியேற்றப் போதும், கரியின் வாயுவை வெளியேற்றப் போதாது.

மதுரையில் சிக்கல் குளிரன்று, வெக்கையும் கொசுவும். அதனால் என்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குகிறார்கள். ஓடும் வண்டியின் சைலன்சர் புகை பின்னால் சிதறிப்போகும். நின்ற வண்டியின் புகை அடியிலேயே தேங்கும், சுவரையோ புதரையோ ஒட்டி நிறுத்தியிருந்தால் இன்னும் அதிகமாக. தரைத்தகட்டில் துரு அரித்த ஓட்டை, தேய்ந்த கதவு ரப்பர், சைலன்சர் இணைப்பில் விரிசல் என்று ஏதேனும் ஒன்று இருந்தாலே வாயு உள்ளே ஏறும். பெட்ரோல் வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக் கருவி ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வெப்பம் ஏறிய பிறகே ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், என்ஜின் குளிர்ந்திருக்கும் தொடக்க நிமிடங்களில் நஞ்சு மிகுதி. டீசல் புகையில் மோனாக்சைடு குறைவு, ஆனால் இல்லாமலில்லை. கொசுவுக்காக மூடிய வண்டிக்குள் சுருள் கொளுத்துவதும் தீர்வாகாது. ஒரு சுருள் விடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. ஜன்னல்களுக்கு அளவெடுத்துத் தைத்த கொசுவலை, எதிரெதிரே திறந்த இரண்டு கண்ணாடி, பேட்டரியில் ஓடும் சிறு மின்விசிறி ஆகிய மூன்றும் இருந்தால் கூண்டு வண்டியின் காற்றோட்டத்தை வேனிலும் ஓரளவு பெறலாம்.

சமையல் எரிவாயு வேறு விதமான ஆபத்து. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரே காரணம் என்று தெற்கு ரயில்வே அறிவித்தது. வீடுபோல் பழகிவிட்ட பெட்டியில் விடியற்காலைத் தேநீருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தோன்றுவது இயல்பு. அதனால்தான் இந்த நிகழ்வை மறக்கக் கூடாது. மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே லேசானது, வண்டி முழுவதும் சீராகக் கலந்துவிடும். எரிவாயுவோ காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி, படுக்கைகளின் அடியிலும் மூலைகளிலும் நீர்போல் நிற்கும். காற்றில் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். மேலே சொன்ன வேன் முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர அரை கிலோ எரிவாயுகூடத் தேவையில்லை. தரையோடு தேங்கியிருந்தால் அதிலும் மிகக் குறைவு போதும். கசிவை உணர்த்துவதற்காகவே அதில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள், ஆனால் உறங்குபவரை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே சமையல் வண்டிக்கு வெளியே நடக்க வேண்டும்; படுக்கும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரையும் வெளியே நிமிர்த்தி வைக்க வேண்டும்.

வண்டியிலேயே நாட்கணக்கில் வாழ்பவர்கள் மோனாக்சைடை உணரும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிப் படுக்கும் இடத்தில் தலை மட்டத்துக்கு அருகே பொருத்துவது நல்லது. அதற்குள் இருக்கும் மின்வேதி உணரியில் வாயு வினைபுரிந்து சிறு மின்னோட்டம் உண்டாகிறது. பத்து லட்சத்தில் 300 பங்கு சேர்ந்தால் தரமான கருவி மூன்று நிமிடத்துக்குள் அலறிவிடும். புகையை உணரும் கருவி இந்த வேலையைச் செய்யாது.

காலையில் எழுந்ததும் வண்டியிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால், இரவு உண்டதைக் குறை சொல்வதற்கு முன் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். எழாதவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வந்து 108-ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பக் கூடாது. மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அது கணக்கிட்டு 98, 99 என்று காட்டும். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் தந்தால் ஒன்றரை மணி நேரமே ஆகும். தெளிந்துவிட்டார் என்று பாதியில் திரும்பிவிடவும் கூடாது, ஏனெனில் நினைவுத் தடுமாற்றமும் நடையில் குளறலும் சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத் தலைகாட்டுவதுண்டு. மூடிய வண்டிக்குள் கரி இருந்ததையோ என்ஜின் ஓடியதையோ மருத்துவரிடம் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அவர் அதற்குரிய இரத்தப் பரிசோதனையை எழுதுவார்.