எந்தப் பக்கம் அளந்தீர்கள்?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீடு. வளவுத் தூண் ஒன்றின் அடி உளுத்துப்போனதால், அதை அறுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்திருக்கிறார்கள். ஆறே மாதத்தில் தூண் சில மில்லிமீட்டர் இறங்கி, மேலே சுண்ணாம்புப் பூச்சு வெடித்துவிட்டது. "அசல் பர்மாத் தேக்குத் தம்பி, அது எப்படி இறங்கும்?" என்றார் ஆச்சி. தேக்கு அசல்தான். காண்ட்ராக்டர் நீட்டிய ரிப்போர்ட்டில் யங் குணகம், அதாவது மரத்தின் விறைப்பைக் காட்டும் எண், 12 ஜிகாபாஸ்கல் என்று இருந்தது. எந்தத் திசையில் அளந்தது என்பது மட்டும் இல்லை. துண்டை நார் படுக்கையாக வைத்திருந்தார்கள். இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது.

தேக்கு தேக்குதானே, எப்படி வைத்தால் என்ன என்கிறார்கள். ஐயா, விறகு பிளந்ததே இல்லையா? நார் ஓடும் போக்கில் கோடரி இறங்கும், குறுக்கே வெட்டினால் தெறிக்கும். அழுத்தும்போதும் திசைக்குத் திசை மாறும். நார்ப்போக்கில் இருக்கும் விறைப்பு குறுக்கே பத்தில் ஒன்று, சில சமயம் இருபதில் ஒன்றுதான். அந்தக் குறுக்கிலும், நடுவிலிருந்து பட்டைக்குப் போகும் திசை வேறு, வளையத்தைத் தொட்டபடி போகும் திசை வேறு. வைரம் பாய்ந்த மரம் என்பதால் இது மாறாது. காய்ந்து சுருங்குவதும் குறுக்கேதான் அதிகம். அது தனித் தலைவலி.

மீயொலிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்துக்குள் ஒலி ஓடும் வேகம் நார்ப்போக்கில் நொடிக்கு 4,500 மீட்டர், குறுக்கில் 1,500 என்று வைத்துக்கொள்வோம். விறைப்பு மூன்று மடங்கு என்று எழுதாதீர்கள். விறைப்பு வர அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், ஒன்பது மடங்கு!

புதிதாக வரும் பொறியாளர்கள் திசைக்குத் திசை விறைப்பு எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் ஜீனர் (Zener) விகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது அணுக்கள் கனசதுரமாக அடுக்கிய படிகங்களுக்கு உரியது, மரத்துக்கு அல்ல. 1 என்றால் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு. டங்ஸ்டன் 1-ஐ ஒட்டி நிற்கும், செம்பு 3-ஐத் தாண்டும். அங்கே விறைப்பைச் சொல்ல மூன்று மாறிலிகள் போதும், மரத்துக்கு ஒன்பது வேண்டும். ஒரே எண்ணாகத்தான் வேண்டுமென்றால் 2008-இல் வந்த பொதுக் குறியீடு இருக்கிறது. அதில் திசை வேறுபாடே இல்லாத பொருளுக்குப் பூஜ்யம்.

சரி, செய்ய வேண்டியது: மூன்று திசையிலும் மாதிரி வெட்டிக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் திசையும் ஈரப்பதமும் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். மென்பொருளில் 'எத்திசையும் ஒன்றே' என்பதைச் சொடுக்கிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஆச்சிமார்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். அறுப்பதற்கு முன் துண்டின் மேல் நார்ப்போக்கைச் சாக்பீஸால் அம்பு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தூணுக்கு என்றால் அந்த அம்பு வானத்தைப் பார்க்க வேண்டும். மரத்தில் கை பழகிய பழைய ஆசாரி யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.