ட்ரை டாக் உலர் துறைமுகம் அல்ல

கப்பல் பராமரிப்பு பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'உலர் துறைமுகம்' வந்து நிற்கிறது. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வெளியேற்றிப் பழுது பார்க்கும் பள்ளமான ட்ரை டாக்கைத்தான் அப்படி எழுதுகிறார்கள். கப்பலை உலர் துறைமுகத்தில் ஏற்றினார்களாம், உலர் துறைமுகத்தில் அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடித்தார்களாம். கோயமுத்தூரில் பம்பு, வால்வு செய்கிறவர்களுக்குக் கையேடு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். மற்றவர்கள் செய்த மொழிபெயர்ப்பும் திருத்தத்துக்கு வரும். அப்படி வருவதில் இந்த ஒரு சொல்லை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது.

உலர் துறைமுகம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. இருகூரில் உள்ள கண்டெய்னர் டிப்போ அந்த வகைதான். திருப்பூர் பனியன்காரர்கள் அதை ஐ.சி.டி. (இன்லேண்ட் கண்டெய்னர் டிப்போ) என்பார்கள். சுங்கச் சோதனையும் காகித வேலையும் இங்கேயே முடிந்து, சீல் வைத்த பெட்டி தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போகும். கடல் இல்லாத ஊரில் துறைமுகத்தின் வேலை நடப்பதால் அதற்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் அது ட்ரை போர்ட். நாம் பேசுவது ட்ரை டாக். போர்ட் வேறு, டாக் வேறு. 'கொச்சியில் புதிய உலர் துறைமுகம்' என்று படிக்கிற ஏற்றுமதிக்காரர், பெட்டி அனுப்ப இன்னொரு இடம் கிடைத்தது என்றுதான் நினைப்பார். அங்கே உள்ளே போவது பெட்டி அல்ல, முழுக் கப்பல்.

சொல்லின் வரலாறு சின்னது. டாக் என்பது டச்சு பக்கமிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். கப்பல் வந்து அடங்கும் பள்ளத்தைக் குறித்தது. அதில் தண்ணீரை எடுத்துவிட்டு வேலை செய்தால் ட்ரை டாக். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத்தில் 1495இல் ஒன்று கட்டினார்கள், மும்பையில் 1750இல். அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் சொல்லான 'துறை'தான் இதில் சுவையானது. துறை என்றால் தண்ணீரில் இறங்குகிற இடம். பவானி கூடுதுறை, ஓடத்துறை, படித்துறை, பரிசல்துறை எல்லாம் அப்படி வந்தவை. தண்ணீர் இல்லாவிட்டால் துறையே இல்லை. 'உலர் துறைமுகம்' தப்பு என்று தெரிந்த சிலர் நாசூக்காக 'உலர் துறை' என்று எழுதுகிறார்கள். அமாவாசைக்குக் கூடுதுறையில் முழுக்குப் போட வந்தவரிடம் உலர் துறை என்று சொல்லிப் பாருங்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை போல என்று திரும்பிப் போய்விடுவார். போதாக்குறைக்குத் துறை என்றால் இன்று அரசு இலாகா. 'உலர் துறை மேலாளர்' என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். மதுவிலக்கு அதிகாரி என்றே நினைத்தேன்.

சரி, துறையை விடுவோம். எனக்கு இதைவிடப் பெரிய சண்டை 'உலர்' என்ற சொல்லோடு.

உலர்வது தானாக நடப்பது. கொடியில் போட்ட வேட்டி உலரும், களத்தில் போட்ட மஞ்சள் உலரும். வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும், நாம் வேறு வேலை பார்க்கலாம். ட்ரை டாக்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. கொச்சின் ஷிப்யார்டில் 2024 ஜனவரியில் திறந்த புதிய ட்ரை டாக் தளம் 310 மீட்டர் நீளம், 13 மீட்டர் ஆழம், அகலம் ஓரிடத்தில் 75, இன்னோரிடத்தில் 60 மீட்டர். குறைந்த அகலத்தையே வைத்து, ஒன்பதரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கணக்கு 17 கோடி லிட்டரைத் தாண்டுகிறது. நம் தெருவுக்கு வருகிற பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் 17,000 நடை. கப்பலின் இடத்தைக் கழித்துக்கொள்ளலாம், இருந்தாலும் இதை வெயிலில் உலர்த்த முடியாது. பம்பு போட்டு வெளியேற்ற வேண்டும்.

முதலில் தளத்தில் தண்ணீர் விட்டுக் கடல் மட்டத்துக்கு நிரப்புகிறார்கள். வாயிலை அடைத்திருக்கும் கதவு பல இடங்களில் ஒரு மிதவை. அதன் வயிற்றில் இருக்கும் தண்ணீரை இறைத்தால் மேலே எழும்பும், இழுத்து ஓரம் கட்டிவிடலாம். கப்பல் உள்ளே வந்ததும் மறுபடி கதவைக் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பி, காடியில் உட்கார வைப்பார்கள். அப்புறம் பெரிய பம்புகள் ஓடும். உள்ளே மட்டம் இறங்க இறங்க வெளியே இருக்கும் கடலே கதவை ரப்பர் விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கப்பல் மெல்ல இறங்கி, முன்கூட்டியே அடுக்கி வைத்த தாங்குகட்டைகளின் மேல் உட்காரும். கட்டை ஒரு சாண் தள்ளியிருந்தாலும் பல ஆயிரம் டன் எடை தப்பான இடத்தில் இறங்கும். அதனால் கப்பல் கட்டையைத் தொடும் நேரத்தில் பம்பின் வேகத்தைக் குறைத்து, முங்கு நீச்சல்காரர்களை விட்டுப் பார்க்கச் சொல்கிற வழக்கம் உண்டு.

இதோடு முடிந்ததா? இல்லை. கதவின் விளிம்பில் கசியும், சுவரில் ஊறும், மழை பெய்யும். அதற்கென்று சின்ன பம்புகள் இரவும் பகலும் ஓடியபடி இருக்கும். தரைக்கு அடியிலும் தண்ணீர்தான். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10 டன் அளவுக்குக் கீழிருந்து மேலே தள்ளும். தளம் நிரம்பியிருக்கும்போது இது தெரியாது, காலியானதும்தான் ஆபத்து. அதனால்தான் தரையைக் கனமாகப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் கீழே நங்கூரம் போலத் தூண் இறக்குகிறார்கள், அதுவும் இல்லாவிட்டால் அடியில் வடிகுழாய் பதித்து அழுத்தத்தை இறக்குகிறார்கள். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தரை வெடிக்கும். பார்ப்பதற்குத்தான் காய்ந்த பள்ளம். சுற்றிலும் கடல் நெருக்கிக்கொண்டிருக்க, பம்பும் கதவும் சேர்ந்து அதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் 'உலர்' என்ற சொல் மறைத்துவிடுகிறது. காய்ந்தது காய்ந்தபடி கிடக்கும் என்ற நினைப்பைக் கொடுக்கிறது. பராமரிப்புக் கையேட்டில் அந்த நினைப்பு வரவே கூடாது.

கொச்சியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சூலூர் ஃபிட்டர் அண்ணன் ஒருவரிடம், அங்கே என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். "டாக்குன்னுதானுங்க சொல்லுவோம். தண்ணி வடிஞ்சுருச்சா, எறங்கலாமான்னு கேப்போமுங்க" என்றார்.

அவர் வாயில் வந்த 'வடிதல்'தான் சரியான வினை. சோறு வடிக்கிறோம், வெள்ளம் வடிகிறது. நின்ற தண்ணீர் வெளியேறுகிறது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் என்ற சொல் நிலைத்துவிட்டது, ஆகவே தளத்தையும் எடுத்துக்கொள்ளலாம். வடிதளம். கப்பல் வடிதளம். தண்ணீரை நிரப்பி இறைத்து மேலெழும் மிதவை வகைக்கு மிதக்கும் வடிதளம். அங்கேயும் தண்ணீரை வெளியேற்றித்தான் கப்பலைத் தூக்குகிறார்கள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ளதுபோல மேடையோடு கப்பலைத் தூக்கும் பொறி வேறு இனம். அதைக் கப்பல் ஏற்றுமேடை என்று தனியாகச் சொல்ல வேண்டும், வடிதளத்தோடு சேர்க்கக் கூடாது.

கிடங்கு என்றொரு நல்ல பழஞ்சொல் உண்டு. அகழிக்கும் பள்ளத்துக்கும் அதுவே பெயர். கப்பல் கிடங்கு என்றால் எத்தனை பொருத்தம்! ஆனால் இன்று கிடங்கு என்றால் நூல் மூட்டை அடுக்கும் குடோன். அதை மீட்கப் போனால் இன்னொரு குழப்பம்தான் மிஞ்சும்.

தூய தமிழ் வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. புரியாத இடத்தில் 'ட்ரை டாக்' என்றே எழுதுங்கள், ஒரு குறையும் இல்லை. தப்பான தமிழைவிட நேர்மையான இரவல் எவ்வளவோ மேல். என் ஆத்திரமெல்லாம் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறவர்கள் மேல்தான். தளத்தில் தண்ணீர் விடுவதற்கு ஆங்கிலத்தில் ஃப்ளடிங் என்பார்கள். அது 'வெள்ளப்பெருக்கு' ஆகிவிடுகிறது. 'வெள்ளப்பெருக்குக்கு முன் மேற்பார்வையாளரின் அனுமதி பெறவும்' என்று ஒரு பாதுகாப்புப் பலகைக்கான வரி திருத்தத்துக்கு வந்தது. வெள்ளம் அனுமதி கேட்டா வரும்? வெல்டிங், கட்டிங் மாதிரி தீப்பொறி பறக்கும் வேலையை ஆங்கிலத்தில் ஹாட் வொர்க் என்பார்கள், அது 'சூடான வேலை' ஆகிறது, ஏதோ டீக்கடை சமாச்சாரம் போல.

எல்லாவற்றையும்விட மோசம் காஸ் ஃப்ரீ. கப்பலின் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் உள்ளே விஷவாயுவோ எரியும் வாயுவோ இல்லை, ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது என்று அளந்து சான்று தருவார்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது என்பது பரவலான விதி. இந்தச் சான்றை ஒரு புண்ணியவான் 'இலவச எரிவாயுச் சான்றிதழ்' என்று எழுதியிருந்தார். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வரியை நம்பி இறங்குகிறவர் வெல்டர். சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்குகிறவர்களுக்கும் இதே சான்று, இதே வரி தேவைப்படும் ஊர் நம்முடையது. 'வாயு சோதித்த சான்று' என்றால் முடிந்தது.

பம்புகளுக்கும் பெயர் வேண்டும். பெரியதை வடிப்புப் பம்பு என்றும், கசிவை எடுக்கும் சின்னதை ஊற்றுநீர்ப் பம்பு என்றும் எழுதி வருகிறேன். கிணறு வெட்டும்போது பக்கவாட்டில் சுரப்பதை ஊத்துத் தண்ணி என்று சொல்லும் எங்கள் பக்கத்தில் இரண்டாவதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. வடிதளம் என்றால் வடிகால் ஞாபகம் வருகிறது, சாக்கடைக் குழி என்று நினைப்பார்கள் என்று ஒரு கம்பெனி இஞ்சினியர் தடை சொன்னார். நியாயமான தடைதான். முன்னால் 'கப்பல்' சேர்த்து எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்.