இஸ்திரிப் பெட்டி முறுக்கிய இறக்கை

"எல்லாம் முடிச்சுட்டனுங்க சார். ஃபிலிம் மட்டும் ஒட்டீட்டா ஞாயித்துக்கெழம பறக்க உட்றலாமுங்க."

கோவையில் ஏரோமாடலிங் (மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடுவது) பயிற்சி கொடுக்கும் எனக்கு அந்த 'மட்டும்' காதில் விழுந்தாலே வயிற்றைக் கலக்கும். ஒரு மாதம் பொறுமையாக ரிப் (இறக்கைச் சட்டத்தின் விலா) அறுத்து, உப்புத்தாள் போட்டு இறக்கை கட்டுகிற பையன்கள், அதன்மேல் ஃபிலிம் (சூட்டில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒட்டுவதை ஒரே ராத்திரியில் முடித்துவிடுகிறார்கள். அலங்கார வேலை என்று நினைப்பு.

திருப்பூர்ப் பையன் ஒருவன். அப்பா பனியன் கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். அவன் கட்டியது 120 செ.மீ. இறக்கை, உடலுக்கு மேலே இறக்கை வைத்த டிரெய்னர் (பழகுபவர்களுக்கான விமானம்). ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கண்ணாடிபோல ஒட்டியிருந்தான். சிஜி (விமானத்தின் எடை சமனாக நிற்கும் புள்ளி) பார்த்தேன், சர்வோ (திருப்பும் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) திசை பார்த்தேன், சரியென்று கையால் வீசினேன். மூன்றே விநாடி. ரிமோட் ஸ்டிக்கை வலது கோடி வரை தள்ளியும் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போய்ச் சோளத்தட்டுக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தால், இடது இறக்கை நுனியின் பின்விளிம்பு அரை விரற்கடை மேலே தூக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் தூக்குவிசை குறைந்துவிட்டது. பின்னால் நின்று ஒரு தடவை கண்ணோட்டம் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது.

ஃபிலிம் சூட்டில் சுருங்கிப் பறைத்தோல் மாதிரி இழுக்கும். ஃபிலிம் ஒட்டாத பால்சா (லேசான மரம்) சட்டத்தைக் கையால் முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுக்கும். மேலும் கீழும் ஒட்டிச் சுருக்கியபின் பெட்டி மாதிரி விறைத்துவிடும். அந்த நேரத்தில் என்ன முறுக்கு இருந்ததோ, அது அப்படியே உள்ளே பூட்டிக்கொள்ளும். மேல்பக்கத்தை முழுதாகச் சுருக்கிவிட்டு அப்புறம் கீழ்ப்பக்கம் வந்தால் இதுதான் கதி.

முதலில் கீழ்ப்பக்கம், ஓரங்களில் மட்டும் பிடிப்பு. பிறகு மேல்பக்கம், அதன் ஓரம் கீழ் ஃபிலிம்மேல் ஏறி வரட்டும். அதன்பின் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் சுருக்க வேண்டும். பொதுவாக 100 டிகிரி வாக்கில் பசை பிடிக்கும், 150-ஐ நெருங்கினால் நன்றாகச் சுருங்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் டிகிரியா போட்டிருக்கிறது, காட்டன், சில்க் என்றுதானே? அதனால் கழிவுத் துண்டில் ஒட்டிப் பார்த்துத் திருகில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்துக்குப் பழைய காட்டன் சாக்ஸ் மாட்டினால் கீறல் விழாது. தெர்மோகோல் இறக்கைக்கு இந்தச் சூடு ஆகாது, உருகிவிடும். அதற்குப் பேக்கிங் டேப் போதும்.

ஆறியதும் சமையல் மேடை கிரானைட்டில் ஒவ்வொரு பாதி இறக்கையையும் தனித்தனியாக வையுங்கள். தட்டையான அடிப்பாகம் என்றால் எந்த மூலையும் ஆடக்கூடாது. ஆடினால் எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்து, ஃபிலிமை மறுபடி சூடாக்கி, ஆறும்வரை விடாதீர்கள். இரண்டு பேர் வேண்டிய வேலை.

வாலில் கை நீளக்கூடாது. வண்ணக் கோடு, ஸ்டிக்கர், தாராளமாகப் பசை என்று 10 கிராம் ஏற்றிவிட்டு வருவார்கள். வால், சிஜியிலிருந்து மூக்கைவிட மூன்று மடங்கு தள்ளி இருந்தால், அதைச் சரிக்கட்ட மூக்கில் 30 கிராம் ஈயம் வேண்டும். டிரெய்னருக்கு இறக்கை அகலத்தில் முன்னோரத்திலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் சிஜி நிற்கட்டும்.

எங்கே பறக்கவிடுவது? பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். 2021 ட்ரோன் விதிகளில் மாதிரி விமானமும் அடக்கம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் தரையிலிருந்தே அனுமதி வேண்டும், 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் போனால் அனுமதி வேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு இடம் தேடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் போனால் தென்னை இல்லாத வயற்காடாகப் பாருங்கள், மரமேற ஆள் கிடைப்பது லேசில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் புது ஆளுக்கு வேலையில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது 900 கிராம் விமானம் எம்மாத்திரம்! புரட்டாசி வரை இறக்கையைப் பரணில் படுக்கப் போடுங்கள். மேற்குச் சுவரில் சாய்த்து வைத்தால் வெயில் சூட்டில் இறக்கை மறுபடி முறுக்கிக்கொள்ளலாம். எடுக்கும் நாளில் இன்னொரு தடவை கிரானைட்டில் வைத்துப் பாருங்கள்.