கடவுள் போடுவது திட்டமா?

புத்தாண்டு பிறந்தால் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் வேதவசனம் ஒன்று அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று “உங்களுக்கு என்ன வசனமுங்க?” என்று கேட்டுக்கொள்வது வழக்கம். இப்போதெல்லாம் எந்த அட்டையைத் திருப்பினாலும் எரேமியா 29:11தான். “உங்களுக்காக நான் வைத்திருக்கும் திட்டங்களை அறிவேன்” என்று கொட்டை எழுத்தில். அதே வாசகம் காரின் பின்கண்ணாடியில், கல்யாணப் பத்திரிகையில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். பிரசங்கத்துக்கு வரும்போது அது இன்னும் தேய்ந்து “தேவனோட பிளான்” ஆகிவிடுகிறது. வேலை கிடைத்தால் பிளான், கிடைக்காவிட்டால் அதைவிடப் பெரிய பிளான்.

அதுவரைக்கும் சரி என்று விட்டுவிடலாம். துக்க வீட்டுப் பந்தலில், பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு “இதுவும் கர்த்தருடைய திட்டந்தான் கண்ணு” என்று யாராவது சொல்லும்போதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. சொல்பவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். அவர் வாயில் நாம் போட்டுக் கொடுத்த சொல்லில்தான் கோளாறு.

முதலில் மூலச்சொல். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘மஹஷாவா’. அதன் வினை ‘ஹாஷவ்’. நினைத்தல், எண்ணுதல், கணக்கில் வைத்தல் என்று பொருள். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளிவந்து, இன்றும் சபைகளில் வாசிக்கப்படுகிற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு, அதாவது பழைய திருப்புதல், இதை எப்படிப் போட்டது என்று பாருங்கள்: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” மூலத்தில் பெயரும் வினையும் ஒரே வேரில் வருகின்றன. தமிழிலும் ‘நினைத்திருக்கிற நினைவுகள்’ என்று அப்படியே வந்திருக்கிறது. 1611-ல் வந்த ஆங்கிலக் கிங் ஜேம்ஸ் வேதாகமமும் நினைவுகள் என்றே சொல்லிற்று. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பதிப்புகள் சில ‘பிளான்’ என்று மாற்றின. புதிய தமிழ்ப் பதிப்புகளிலும் ‘திட்டங்கள்’ வந்து உட்கார்ந்துகொண்டது. மூலத்தைப் பார்த்து மாற்றினார்களா, ஆங்கிலத்தைப் பார்த்து மாற்றினார்களா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

திட்டம் கெட்ட சொல் இல்லை. “கொழம்புல உப்புத் திட்டமா இருக்குது” என்றால் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று பொருள். திட்டமாகச் சொல், திட்டவட்டமாக மறுத்தார் என்பதெல்லாம் அந்தத் துல்லியத்திலிருந்து வந்த வழக்குகள்தான். அளவாக வரையறுப்பது என்ற பொருள் நீண்டு, முன்கூட்டியே வரைந்துவைத்த வேலைமுறை என்றானது. 1951-ல் ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கிய பிறகு அது முழுக்க அரசாங்கத்துச் சொல்லாகவே காதில் ஊறிவிட்டது.

கொங்கு நாட்டுக்காரன் காதில் இன்னும் கொஞ்சம் அதிகமாக. நமக்குத் திட்டம் என்றால் பரம்பிக்குளம்-ஆழியாறு. அதைவிட்டால் அத்திக்கடவு-அவிநாசி. குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீர் வரும், நிலத்தடி நீர் ஏறும் என்று நம் அப்பாரு காலத்தில் கேட்ட பேச்சு அது. மனு, உண்ணாவிரதம், தேர்தலுக்குத் தேர்தல் அறிவிப்பு, ஆய்வு, மறு ஆய்வு என்று அறுபது ஆண்டுக்கு மேல் இழுத்து, 2024 ஆகஸ்டில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கேட்டவர்களில் பாதிப்பேர் தண்ணீரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே அவிநாசிக்காரரிடம் போய் “கடவுள் உங்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்” என்று சொன்னால், அவர் மனதில் என்ன ஓடும் என்று பிரசங்கிமார் யோசித்துப் பார்க்க வேண்டும். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்றுதான் ஓடும்.

அதோடு போகவில்லை. பேச்சுத் தமிழில் ‘திட்டம் போடுறது’ பெரும்பாலும் நல்ல காரியத்துக்கு இல்லை. “திட்டம் போட்டுக் கவுத்துட்டான்” என்போம். செய்தித்தாளைப் பிரித்தால் ‘திட்டமிட்ட கொலை’. துக்க வீட்டுத் தாயின் காதில் திட்டம் என்பது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் விழும்: ஒன்று அலுவலகம், இல்லையென்றால் சதி. பிள்ளை செத்ததை யாரோ மேலே உட்கார்ந்து முன்பே வரைந்து வைத்திருந்தார்கள் என்று கேட்டால், அப்படி வரைந்தவரை எப்படி நம்புவது?

இந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளியும். எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதியது. இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாரும் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்கிறான். தேதி இருக்கிறது, பொருள் பட்டியல் இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. திட்டம் என்ற சொல் யாருக்காவது பொருந்துமென்றால் அவனுக்குத்தான் பொருந்தும். எரேமியாவோ வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று எழுதுகிறார்.

இங்கேதான் எதிர்க்கட்சிக்காரர்கள் மடக்குவார்கள். “எழுபது வருஷம் என்று கணக்கே சொல்லியிருக்கிறாரே, அது திட்டம் இல்லாமல் வேறென்ன?” நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு இருப்பது பத்தாம் வசனத்தில். பதினோராம் வசனம் அட்டவணையைத் திரும்பச் சொல்லவில்லை; அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிற மனசைச் சொல்கிறது. கடிதத்தை வாசிக்கும்போது நாற்பது வயதாக இருந்த ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது வருஷம் கழித்து நிறைவேறும் திட்டத்தில் அவனுக்கு என்ன பங்கு? அவன் பாபிலோனிலேயே செத்துப்போவான். அன்றைக்குச் சாயங்காலமே அவன் கைக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: கர்த்தர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது. ‘நினைவுகள்’ என்று போட்டால் அது கிடைக்கிறது. ‘திட்டங்கள்’ என்று போட்டால் அவனுக்கு ஒன்றும் இல்லை, பேரனுக்குத்தான்.

இதே ஹாஷவ் சங்கீதம் 40-ன் கடைசி வசனத்திலும் வருகிறது. “நான் சிறுமையும் எளிமையுமானவன், கர்த்தரோ என்மேல் நினைவாயிருக்கிறார்.” இதில் திட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ‘கர்த்தரோ என்மேல் திட்டமாயிருக்கிறார்’ என்று எழுதினால், கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. சங்கீதம் 33-ல் “அவருடைய இருதயத்தின் நினைவுகள் தலைமுறை தலைமுறையாகவும் நிற்கும்” என்று வருகிறது. இருதயத்தின் திட்டங்கள்? இருதயத்தில் யாரும் திட்டம் வைப்பதில்லை. அது மேசையில் விரிக்கிற சாமான்.

ஒரு இடத்தில் எதிராளிக்கு வலு உண்டு, அதை மறைக்கக் கூடாது. யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்துத் திரைகளில் கேருபீன்களை (சிறகுள்ள தூதர் உருவங்களை) நெய்கிற கைவினைஞனுக்கும் இதே வேரிலிருந்துதான் பெயர். அப்படியானால் முன்வரைவு என்ற பொருள் இருக்கிறதல்லவா என்பார்கள். இருக்கிறது. ஆனால் பவானியில் ஜமக்காளம் நெய்கிறவரைப் பார்த்தவருக்குத் தெரியும், கரை எங்கே திரும்ப வேண்டும் என்பது அவர் கையிலேயே இருக்கும். ஒவ்வொரு ஊடைக்கும் கவனம் துணியின்மேல்தான். அதைப் பழைய தமிழ் ‘யோசித்துச் செய்தல்’ என்று சொல்லிற்று. நம் கிராமத்துக் கிழவிகள் ‘ரோசனை’ என்பார்களே, அது. மனசு அங்கேயே இருப்பது. வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிற பொறியாளர் அங்கே இல்லை.

அப்புறம் ‘நினைவு’ இன்றைக்கு எடுபடுமா என்பது வேறு கேள்வி. நினைவு மண்டபம், நினைவுநாள், நினைவுப் பரிசு என்று அந்தச் சொல்லைச் செத்தவர்களுக்கும் பழசுக்கும் ஒதுக்கிவிட்டோம். இளசுகளிடம் “கர்த்தருடைய நினைவுகள்” என்றால் ஞாபகங்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். புதிய மொழிபெயர்ப்பாளர்கள் மாற்ற நினைத்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நோயைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள், மருந்துதான் தப்பு. பேச்சில் நமக்கு ‘நெனப்பு’ இருக்கிறது. “அமுச்சிக்கு (பாட்டிக்கு) எப்பவும் உம்பட (உன்) நெனப்புத்தான்” என்றால் ஞாபகம், பாசம், உனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் மூன்றும் ஒன்றாக வந்துவிடுகிறது. எபிரெயச் சொல்லுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒன்று கிடைக்காது. ஆனால் அச்சில் ஏற்ற முடியாது. “பெரிய ஆளுன்னு நெனப்பு” என்ற கேலியும் அதே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘நோக்கம்’ என்று சிலர் சொல்வார்கள். நல்ல சொல்தான், உள்நோக்கம் என்று சேர்த்துச் சேர்த்து அரசியல்வாதிகள் அதைக் கறைப்படுத்திவிட்டார்கள். ரோமர் 8:28-ல் இருப்பது எபிரெயமே இல்லை, கிரேக்கச் சொல். அங்கே பழைய ‘தீர்மானம்’ போதும். தனித்தமிழ் ஆர்வலர்கள் ‘இறைத்திட்டம்’ என்று சேர்த்தெழுதுவதைப் பார்க்கிறேன். முன்னால் ‘இறை’ போட்டுவிட்டால் பின்னால் எது வந்தாலும் தமிழாகிவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. எனக்குத் தூய்மைச் சண்டை வேண்டாம். யோசனை, சமாதானம், இரட்சிப்பு எல்லாம் வடசொல்தான், இருந்துவிட்டுப் போகட்டும். கேட்கிறவனுக்கு என்ன விளங்குகிறது என்பதுதான் கேள்வி.

என் ஓட்டு ‘எண்ணம்’. காரணம் எளிது. தமிழில் ‘எண்ணு’ என்றால் நினைப்பதும் கணக்கிடுவதும். ஹாஷவ் என்றாலும் நினைப்பதும் கணக்கிடுவதும். இப்படி இரண்டு பொருளும் ஒரே சொல்லில் பொருந்துவது அபூர்வம். ஆதியாகமம் 15:6-ல் ஆபிராமின் விசுவாசத்தைக் கர்த்தர் “நீதியாக எண்ணினார்” என்று பழைய திருப்புதல் சொல்கிறதே, அங்கே இருப்பதும் இதே வினை. நீதிமொழிகள் 19:21-ல் மனுஷனுடைய “இருதயத்தின் எண்ணங்கள் அநேகம்” என்கிறதே, அதுவும் இதே மஹஷாவா. மனுஷனுக்கு எண்ணம் என்றால் கர்த்தருக்கும் எண்ணம் என்றே இருக்கட்டும். மனுஷனுக்கு எண்ணம், கர்த்தருக்குத் திட்டம் என்று இரண்டாகப் பிரிக்க மூலத்தில் இடமில்லை.

காத்திருத்தலையும் இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திட்டம் உள்ளே வந்ததும் அது ‘வெயிட்டிங் பீரியட்’ ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வேலை. தமிழ்ச் சொல்லில் ‘கா’ இருக்கிறது. காவல் இருப்பதும் காத்திருப்பதும் ஒரே வேர். சங்கீதம் 130 விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைச் சொல்லும்போது தமிழில் அது தானாகவே பொருந்திவிடுகிறது. எபிரெயத்திலோ காத்திருத்தலுக்கான வினையை ஒட்டித்தான் ‘திக்வா’ என்ற சொல் இருக்கிறது. நம்பிக்கை என்றும் கயிறு என்றும் அதற்குப் பொருள். யோசுவா 2-ல் ராகாப் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிறு திக்வா. எரேமியா 29:11-ன் கடைசிச் சொல்லும் திக்வாவே. பழைய திருப்புதல் அதை “எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்பதற்குள் மடித்து வைத்திருக்கிறது. புதியவர்கள் ‘வளமான எதிர்காலம்’ என்று அகலப்படுத்தியதும், அட்டை அச்சடிப்பவர்களுக்கு வீட்டுமனை விளம்பரம் எழுதுகிற சுகம் வந்துவிட்டது.

மகிழ்ச்சிக்கும் இதே கதி. திட்டம் என்றால் நிறைவேறும் நாளில்தான் மகிழ்ச்சி. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பிரசங்கங்களில் ‘பிரேக்த்ரூ’ என்கிறார்கள், அது வந்தால்தான் ஸ்தோத்திரம். ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரம் நேர் எதிராகப் போகிறது. அத்தி துளிர்க்காது, திராட்சை காய்க்காது, வயல் விளையாது, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்திலே மாடு இல்லை; இத்தனைக்கும் பிறகு “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்கிறார். பட்டியும் கட்டுத்தரையும் காலியாகிப் பார்த்த மானாவாரிக்காரனுக்கு இந்தப் பட்டியலை யாரும் விளக்க வேண்டியதில்லை. மழை வருமென்று ஆபகூக்குக்கு அட்டவணை கிடைக்கவில்லை. ‘கர்த்தருக்குள்’ என்ற அந்த உருபில்தான் எல்லாம் இருக்கிறது: விளைச்சலுக்குள் இல்லை, வரப்போகும் ஏற்பாட்டுக்குள்ளும் இல்லை. தன்மேல் எண்ணமாயிருக்கிற ஒருவருக்குள்.

பழைய திருப்புதலை இவ்வளவு தூக்கிப் பிடித்ததால், அது கோட்டைவிட்ட ஓரிடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமம் 50:20. பதினேழு வயதில் அண்ணன்மாரால் குழியில் தள்ளி விற்கப்பட்டு, அடிமையாக இருந்து, சிறையில் கிடந்து, முப்பது வயதில் பார்வோன்முன் நின்ற யோசேப்பு, பிறகு அதே அண்ணன்மாரிடம் சொல்வது. எபிரெயத்தில் ஹாஷவ் அங்கே இருமுறை வருகிறது, இருசாராருக்கும் ஒரே வினை. தமிழில் முதல் பாதியில் “தீமைசெய்ய நினைத்தீர்கள்” என்று சரியாக வந்துவிட்டு, இரண்டாம் பாதி “நன்மையாக முடியப்பண்ணினார்” என்று போய்விடுகிறது. அண்ணன்மார் நினைத்தார்கள், தேவன் முடித்தார் என்றாகிறது. குழிக்குள் கிடந்த நாளில் தேவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது விட்டுப்போகிறது. ‘நீங்கள் எனக்குத் தீமை எண்ணினீர்கள், தேவனோ அதை நன்மையாக எண்ணினார்’ என்று போடலாம். அடுத்த திருத்தக் குழு எதையாவது மாற்றியே தீர வேண்டுமென்றால் இதை மாற்றட்டும், எரேமியாவை விட்டுவிடட்டும்.